தியானத்துக்கு எலக்ட்ரான் சாட்சி சொல்ல வேண்டுமா?

போன இதழில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, தியானம் செய்கிறவர்கள் குவாண்டம் இயற்பியலை, அதாவது அணுவும் அதைவிடச் சிறிய துகள்களும் நடந்துகொள்ளும் விதத்தைச் சொல்லும் இயற்பியலை, துணைக்கு அழைக்கத் தேவையில்லை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. சிலர் கோபமாக எழுதியிருக்கிறார்கள், பலர் உண்மையான ஆர்வத்தோடு கேட்டிருக்கிறார்கள், இரண்டு கடிதங்களைப் படித்துவிட்டு அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அதனால் இந்த முறை பக்கங்கள் முழுவதையும் இதற்கே எடுத்துக்கொள்கிறேன். நான் இயற்பியல் பாடம் நடத்தியவன், இருபது வருடமாக விடிகாலையில் உட்கார்ந்து தியானம் செய்கிறவனும்கூட. இரண்டும் எனக்கு வேண்டியவை.

கேள்வி: எலக்ட்ரானை நாம் பார்த்தால் துகளாக இருக்கிறது, பார்க்காவிட்டால் அலையாக இருக்கிறது என்று ஒரு யூடியூப் காணொளியில் சொன்னார்கள். அப்படியானால் மனம்தானே பொருளை உண்டாக்குகிறது? தியானத்தில் மனம் கூர்மையானவர்கள் உலகத்தையே மாற்றலாம் என்று விஞ்ஞானம் ஒப்புக்கொண்டுவிட்டதாகத்தானே அர்த்தம்?
— ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: அப்படி அர்த்தம் இல்லை. ஆனால் நீங்கள் ஏன் அப்படி எடுத்துக்கொண்டீர்கள் என்பது எனக்கு நன்றாகப் புரிகிறது. குழப்பம் முழுக்க 'பார்த்தால்' என்கிற அந்தச் சொல்லில் இருக்கிறது.

முதலில் சோதனையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தடுப்பில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மெல்லிய பிளவுகள், பின்னால் ஒரு திரை. எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்ப வேண்டும். 1989இல் ஜப்பானில் அகிரா டோனோமுராவின் குழு இதற்கு இணையான ஓர் அமைப்பில் இதைப் படமாகவே எடுத்துக் காட்டியது. ஆரம்பத்தில் திரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள், மழை பிடிக்கும்போது சிமெண்டுத் தரையில் விழும் முதல் துளிகள் மாதிரி. நூறு, ஆயிரம், பத்தாயிரம் என்று சேரச் சேர, அந்தப் புள்ளிகள் வரி வரியாக அடுக்கிக்கொண்டு நிற்கின்றன. ஒவ்வொரு எலக்ட்ரானும் தனியாகத்தான் வந்தது, பேசி வைத்துக்கொள்ள உடன் யாரும் இல்லை, ஆனாலும் அலைகள் ஒன்றோடொன்று கலந்தால் என்ன வரிகள் வருமோ அதே வரிகள். முதல் தடவை அந்தப் படத்தைப் பார்த்த நாள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அப்புறம், எந்தப் பிளவு வழியாக வந்தது என்று கண்டுபிடிக்க ஏதாவது ஏற்பாடு செய்தால் வரிகள் மறைந்துவிடுகின்றன.

இந்த 'கண்டுபிடிக்க ஏற்பாடு' என்பதைத்தான் காணொளிகளில் 'பார்ப்பது' என்று சொல்லி, பக்கத்தில் ஒரு கண்ணை வரைந்து வைக்கிறார்கள். அந்த இடத்தில் கண்ணுக்கும் மனத்துக்கும் வேலையே இல்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக அழகான சாட்சி வியன்னாவில் இருக்கிறது. 1999இல் ஆண்டன் ஸைலிங்கரின் குழு, 60 கார்பன் அணுக்கள் கால்பந்து வடிவில் சேர்ந்த மூலக்கூறுகளைக்கூட இப்படி அலையாக நடக்க வைத்தது. பிறகு 2004இல் 70 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளை எடுத்து, அனுப்புவதற்கு முன் லேசரால் சூடாக்கினார்கள். சூடு ஏற ஏற வரிகள் மங்கின, 3,000 கெல்வினை நெருங்கும்போது அநேகமாக இல்லாமலே போயின. என்ன நடந்தது? காய்ச்சிய இரும்பு சிவந்து ஒளிர்வதைப் போல, சூடான அந்த மூலக்கூறு வழியிலேயே ஒளித்துகள்களை உமிழ்ந்துகொண்டு போகிறது. அது எங்கே இருந்தது என்கிற தகவல் அந்த ஒளியோடு வெளியே கசிந்துவிடுகிறது. அந்த ஒளியை யாரும் பிடிக்கவில்லை, யாரும் படிக்கவில்லை. தகவல் கசிந்ததே போதும், வரிகள் போய்விட்டன. ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோரும் வீட்டுக்குப் போய்த் தூங்கினாலும் இது இப்படித்தான் நடக்கும்.

மனம்தான் காரணம் என்று பெரியவர்கள் யாருமே சொன்னதில்லையா என்றால், சொன்னார்கள். யூஜின் விக்னர் சாதாரண ஆள் இல்லை, நோபல் பரிசு வாங்கியவர். 1961இல் வெளிவந்த ஒரு கட்டுரையில், அளவீடு முடிவுக்கு வருவது ஒருவருடைய பிரக்ஞையில்தான், அதாவது உணர்கிற அறிவில்தான் என்று வாதிட்டார். இன்றைக்கும் அந்தக் கட்டுரையைக் காட்டுகிறார்கள். ஆனால், தகவல் சுற்றுப்புறத்தில் கசிவதைப் பற்றி டீட்டர் ஸே என்கிற இயற்பியலாளர் 1970இல் எழுதியதைப் படித்தபின் விக்னர் அந்தக் கருத்தைக் கைவிட்டார் என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. அவர் மனம் மாறியதையும் சொல்வதுதான் அவருக்குச் செய்கிற மரியாதை என்று நினைக்கிறேன்.

நேரடியாகவே சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. டீன் ராடின் என்பவர், தியானப் பயிற்சி உள்ளவர்கள் இரட்டைப் பிளவின் மேல் மனத்தைச் செலுத்தினால் ஒளியின் வரிகள் சற்றே மாறுவதாக 2012இல் எழுதினார். அதே ஏற்பாட்டை மிகக் கடுமையான விதிகளோடு திரும்பச் செய்ய வைத்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். விளைவு உறுதியாகவில்லை. அதைவிட முக்கியமாக, யாருமே மனம் செலுத்தாமல் கருவியைச் சும்மா ஓடவிட்டபோதும் அந்த முறை ஓரிடத்தில் 'விளைவு இருக்கிறது' என்று காட்டியது. கசாயம் குடிக்காதவருக்கும் குணமானதாகத் தராசு சொன்னால் தராசைத்தானே சந்தேகப்பட வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பல சாத்தியங்களில் இருந்து கடைசியில் ஏன் இந்த ஒரு புள்ளி மட்டும் திரையில் விழுந்தது என்பதற்கு எல்லோரும் ஏற்கும் பதில் இன்றுவரை இல்லை. இயற்பியலாளர்கள் நூறு வருடமாக அதில் சண்டை போடுகிறார்கள். அது நிஜமான புதிர். அந்தப் புதிரின் வாசலில் 'இங்கே மனம் இருக்கிறது' என்று பலகை மாட்ட இதுவரை யாருக்கும் ஆதாரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: ஷ்ரோடிங்கர் உபநிடதம் படித்தவர். அப்படியானால் குவாண்டம் சமன்பாடே வேதாந்தத்தில் இருந்து வந்ததுதானே? இதை ஏன் பாடப்புத்தகத்தில் சொல்வதில்லை?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: குவாண்டம் இயற்பியலின் அடிப்படைச் சமன்பாட்டை எழுதிய ஷ்ரோடிங்கர் உபநிடதம் படித்தார் என்பது முழு உண்மை. முதல் உலகப்போர் முடிகிற காலத்திலேயே ஜெர்மன் தத்துவவாதி ஷோபன்ஹவர் வழியாக வேதாந்தத்துக்கு வந்துவிட்டார். 1944இல் உயிரைப் பற்றி எழுதிய சின்னப் புத்தகத்தின் முடிவுரையில், ஆன்மாவும் பிரம்மமும் ஒன்று என்கிற வாக்கியத்தைத் தன் சொந்த நம்பிக்கையாக வைத்திருக்கிறார். பிரக்ஞை என்பது ஒருமை, அதற்குப் பன்மை கிடையாது என்பது அவருடைய உறுதியான எண்ணம்.

சமன்பாடு வந்த வழி வேறு. லூயி டி பிராலி 1924இல், எலக்ட்ரானுக்கும் அலைநீளம் உண்டு என்று தன் ஆய்வேட்டில் எழுதினார். சூரிச்சில் ஒரு கருத்தரங்கில் ஷ்ரோடிங்கர் அதை விளக்கிப் பேசியபோது, அலை என்றால் அதற்கு ஓர் அலைச் சமன்பாடு வேண்டாமா என்று பீட்டர் டெபை கேட்டாராம். கூட்டத்தில் மாணவராக உட்கார்ந்திருந்த ஃபெலிக்ஸ் ப்ளாக் பின்னாளில் இதை எழுதியிருக்கிறார். அந்தக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் அரோசா என்கிற மலை ஊரில் உட்கார்ந்து ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைத் தேடினார், 1926இல் வெளியிட்டார். சரியா தவறா என்று பார்க்க அவர் வைத்துக்கொண்ட உரைகல் ஹைட்ரஜன் உமிழும் ஒளியின் வரிகள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் இன்னொன்று. குவாண்டம் அளவீட்டில் பார்ப்பவனும் பார்க்கப்படுவதும் ஒன்றாகிவிட்டன என்று அவர் காலத்திலேயே பேச ஆரம்பித்துவிட்டார்கள். வேதாந்தியான அவர் அதைத்தானே கைதட்டி வரவேற்றிருக்க வேண்டும்? அவர் ஏற்கவில்லை. கருவியும் எலக்ட்ரானும் ஒன்றையொன்று தொடுவது இரண்டு பௌதிகப் பொருள்களின் விவகாரம், உணர்கிற, நினைக்கிற 'நான்' அந்தக் கணக்கிலேயே வராது என்பது அவர் பிற்காலத்தில் தந்த விளக்கம். தன் இயற்பியலையும் தன் தத்துவத்தையும் அவர் ஒரே மேசையில் வைத்திருந்தார், ஆனால் ஒன்றை முட்டுக்கொடுக்க இன்னொன்றைப் பயன்படுத்தவில்லை. நான் அவரிடம் கற்றுக்கொண்டதும் அதைத்தான்.

கேள்வி: நோபல் பரிசு பெற்ற ரோஜர் பென்ரோஸே மூளையில் குவாண்டம் நடக்கிறது, அதுதான் பிரக்ஞை என்கிறார். அவரையும் மறுப்பீர்களா?
— ஒரு மருத்துவ மாணவர், மதுரை

பதில்: மறுக்க நான் யார். ஆனால் 2020இல் அவருக்கு நோபல் கிடைத்தது கருந்துளைகள் பற்றிய கணிதத்துக்கு. மூளை பற்றிய அவருடைய கருத்தை அதன் சொந்தக் காலில் நிற்க வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

கருத்து இது. மனித மனம் கணிதத்தில் சில உண்மைகளைக் 'காண்கிற' விதம் எந்தக் கணினி நிரலாலும் முடியாதது, ஆகவே மூளையில் கணினிக்கு அப்பாற்பட்ட ஏதோ நடக்க வேண்டும் என்று 1989இல் அவர் வாதிட்டார். எங்கே நடக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. அரிசோனாவில் மயக்க மருந்து நிபுணராக இருந்த ஸ்டூவர்ட் ஹேமராஃப் ஓர் இடத்தைக் காட்டினார்: உயிரணுக்குள் இருக்கும் நுண்குழல்கள், குறுக்களவு சுமார் 25 நானோமீட்டர். அங்கே குவாண்டம் நிலைகள், அதாவது பல சாத்தியங்கள் ஒரே நேரத்தில் கலந்திருக்கும் நிலைகள், சேர்ந்து நின்று, ஈர்ப்பு விசையால் உடைகின்றன, ஒவ்வொரு உடைவும் ஒரு கணநேரப் பிரக்ஞை என்று இருவரும் சேர்ந்து எழுதினார்கள்.

இடைஞ்சல் என்னவென்றால் சூடு. குவாண்டம் நிலை என்பது அகல்விளக்குச் சுடர் மாதிரி, சின்னக் காற்றும் ஆகாது. குவாண்டம் கணினிகளை விண்வெளியைவிடக் குளிரான பெட்டிக்குள் வைத்துப் பொத்திப் பாதுகாக்கிறார்கள். மூளையோ 37 டிகிரி சூட்டில், உப்பும் நீருமாக, ஓயாமல் மோதிக்கொண்டிருக்கும் மூலக்கூறுகளின் சந்தை. இயற்பியலாளர் மேக்ஸ் டெக்மார்க் 2000இல் கணக்குப் போட்டார்: நுண்குழலில் அப்படிப்பட்ட நிலை ஒரு நொடியைப் பத்து லட்சம் கோடியாகப் பங்கிட்டால் வருகிற ஒரு பங்கு நேரம்தான் தாங்கும். நரம்பணு ஒரு தடவை மின்துடிப்பு அனுப்புவதற்கே ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு நொடி ஆகிறது. ஹேமராஃப் தரப்பு 2002இல் வேறு எண்களைப் போட்டு அந்த நேரத்தைப் பல கோடி மடங்கு நீட்டிப் பார்த்தது. அப்புறம் இத்தாலியில் கிரான் சாஸோ மலைக்கடியில், பாறைக்குக் கீழே வைத்து நடத்திய ஒரு சோதனை, ஈர்ப்பால் குவாண்டம் நிலை உடைகிறது என்கிற கருத்தின் மிக எளிய வடிவத்தை 2020இல் கழித்துக் கட்டியது. நுண்குழல் மூளைக்கு மட்டும் உரியதும் இல்லை என்பதை நீங்கள் உயிரியலில் படித்திருப்பீர்கள். கல்லீரலிலும் இருக்கிறது, வாழைத்தண்டிலும் இருக்கிறது.

இதோடு கதை முடிந்ததா? நேர்மையாகச் சொன்னால் இல்லை. செனான் என்கிற மயக்க வாயுவில், அணுக்கருவுக்குச் சுழற்சி உள்ள ஐசோடோப்பு (அதே தனிமத்தின் வேறு எடையுள்ள அணு), சுழற்சி இல்லாததைவிட எலிகளைக் குறைவாக மயக்குகிறது என்று 2018இல் ஒரு ஆய்வு வந்தது. வேதியியலில் இரண்டும் ஒன்றே, சுழற்சி என்பதோ குவாண்டம் குணம், அதனால் அது என்னை உலுக்கிய செய்தி. 2024இல் இன்னொன்று: நுண்குழலை இறுக்கிப் பிடிக்கும் ஒரு மருந்தை முன்கூட்டியே கொடுத்த எலிகள், மயக்க வாயுவில் நினைவிழக்க, மருந்து கொடுக்காதபோது ஆவதைவிட ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் கூடுதலாக எடுத்துக்கொண்டன. நுண்குழலுக்கு மயக்கத்தில் பங்கு இருக்கலாம் என்று இது சொல்கிறது, ஆனால் அந்தப் பங்கு குவாண்டம் வகைதான் என்று சொல்லவில்லை. நீங்கள் மயக்கவியல் பக்கம் போகிற எண்ணம் இருந்தால் இது பத்து வருடம் உழைக்கத் தகுந்த கேள்வி. அறுவைச் சிகிச்சை மேசையில் ஒரு மனிதருடைய 'நான்' எப்படி அணைந்து திரும்ப ஏற்றப்படுகிறது என்பது இன்னும் முழுசாகத் தெரியாத விஷயம், அதைத் தினமும் கையால் செய்கிறவர்கள் உங்கள் துறையினர்.

கேள்வி: என் மகள் டொரொண்டோவில் இருக்கிறாள். நான் இங்கே தியானத்தில் உட்கார்ந்து அவளை நினைத்தால் சில நாள் சரியாக அப்போது அவளிடமிருந்து போன் வருகிறது. எங்கள் தியான வகுப்பில் இதைக் குவாண்டம் பிணைப்பு என்றார்கள். உங்கள் வரியைப் படித்ததும் மனம் உடைந்துவிட்டது.
— ஒரு அம்மா, திருச்சி

பதில்: அம்மா, என் வரி உங்களை வருத்தியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். விக்கல் எடுத்தால் யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லித் தண்ணீர் கொடுத்த வீட்டில்தான் நானும் வளர்ந்தேன்.

குவாண்டம் பிணைப்பு என்பது உண்மையான, நிரூபிக்கப்பட்ட விஷயம். அதற்குத்தான் 2022இல் அலைன் ஆஸ்பெ, ஜான் கிளாசர், ஆண்டன் ஸைலிங்கர் மூவருக்கும் நோபல் கொடுத்தார்கள். ஒரே இடத்தில் ஜோடியாகப் பிறந்த இரண்டு ஒளித்துகள்களை எவ்வளவு தூரம் பிரித்தாலும், ஒன்றில் அளந்தது இன்னொன்றில் அளந்ததோடு விசித்திரமாகப் பொருந்துகிறது. சீனா ஒரு செயற்கைக்கோளில் இருந்து அனுப்பி, 1,200 கிலோமீட்டர் இடைவெளியில் 2017இல் இதைக் காட்டியது. தாயும் பிள்ளையும் மாதிரி என்று சொல்லத் தோன்றும், எனக்கும் தோன்றியிருக்கிறது. ஆனால் இந்தப் பிணைப்பால் ஒரு சொல்லைக்கூட அனுப்ப முடியாது. இந்தப் பக்கம் நாம் என்ன செய்தாலும், அந்தப் பக்கத்தில் இருப்பவர் தன் துகளை மட்டும் பார்த்து அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. இரண்டு பேரும் பிறகு பேசி, குறிப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தால்தான் பொருத்தமே தெரியும். ஆகவே மகளுக்கு உங்கள் நினைப்பைக் கொண்டுபோகிற தபால்காரர் அது இல்லை.

நீங்கள் நினைத்தும் போன் வராத நாள்கள் எத்தனை என்று ஒரு மாதம் காலண்டரில் குறித்துப் பாருங்கள் என்று வேறு யாரிடமாவது சொல்லியிருப்பேன். உங்களிடம் அதைவிட இதைச் சொல்லத் தோன்றுகிறது: தினமும் ஒரு நேரம் ஒதுக்கி, வேறு எதையும் நினைக்காமல் அவளை நினைக்கிறீர்கள். அவளும் உங்கள் ஓய்வு நேரம் பார்த்துத்தான் கூப்பிடுவாள். ஒருவர் நாளை இன்னொருவர் மனப்பாடமாக வைத்திருக்கிற அந்தப் பழக்கத்துக்கு இயற்பியலின் சான்றிதழ் எதற்கு? உட்காருங்கள், நினையுங்கள், போன் வராவிட்டால் நீங்கள் கூப்பிடுங்கள்.

கேள்வி: பசுவின் மயிரைப் பிளக்கும் கணக்கில் திருமூலர் அணுக்கருவின் அளவைச் சரியாகச் சொல்லிவிட்டார் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா?
— ஒரு வாசகர், காரைக்கால்

பதில்: பாடல் உண்மை, திருமந்திரத்தில் இருக்கிறது. பசுவின் மயிர் ஒன்றை நூறாக்கி, அதில் ஒன்றை ஆயிரமாக்கி, அதில் ஒன்றை நூறாயிரமாக்கினால் வருவது சீவனின் அளவு என்கிறார். மொத்தம் ஆயிரம் கோடிப் பங்கு. மயிரின் தடிமன் 0.1 மில்லிமீட்டர் என்று வைத்து வகுத்தால், கனமான அணுவின் கருவுக்கு நெருக்கமான ஓர் அளவு வருகிறது. செய்தி அனுப்புகிறவர்கள் இங்கே நிறுத்திவிடுகிறார்கள்.

தடிமனைத்தான் வகுக்க வேண்டும் என்று பாட்டில் எங்கே இருக்கிறது? மூன்று சென்டிமீட்டர் நீளத்தை வகுத்துப் பாருங்கள், கருவைவிடச் சில நூறு மடங்கு பெரிதாக வரும். சுவேதாசுவதர உபநிடதத்திலும் இதே மாதிரி ஓர் இடம் உண்டு. அங்கே முடி நுனியை நூறாக்கி, மறுபடி நூறாக்கினால் போதும், சீவன் வந்துவிடும். இரண்டு கணக்கும் ஒத்துப்போகவில்லை, ஒத்துப்போகவும் வேண்டியதில்லை. அவர் பேசுவது சீவனைப் பற்றி, அணுக்கருவைப் பற்றி அல்ல. பிளந்துகொண்டே போ, கை ஓய்ந்துபோகும், அறிவும் ஓய்ந்துபோகும், அவ்வளவு நுட்பம் அது என்று சொல்ல மாட்டுத்தொழுவத்தில் கிடந்த ஒரு மயிரைக் கையில் எடுத்தாரே, அந்த அழகை விட்டுவிட்டு அவருக்கு அணு விஞ்ஞானி பட்டம் கொடுப்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

கேள்வி: ஜெனிவா செர்ன் ஆய்வுக்கூடத்தில் நடராஜர் சிலை வைத்திருக்கிறார்களே?
— அதே வாசகர்

பதில்: ஆமாம், இரண்டு மீட்டர் உயரம், 2004 ஜூனில் திறந்தார்கள். செர்னோடு நெடுங்காலம் சேர்ந்து வேலை செய்ததன் நினைவாக இந்திய அரசு கொடுத்த பரிசு. துகள்களின் ஓயாத ஆக்கத்தையும் அழிவையும் ஆனந்தத் தாண்டவத்தோடு ஒப்பிடும் வரிகள் பக்கத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நல்ல உவமை. அங்கே நடக்கும் மோதல் சோதனைகளுக்கு அந்தச் சிலை முன்னுரை எழுதவில்லை, அவர்களும் அப்படிச் சொல்லவில்லை.

கேள்வி: என் அப்பா ஒரு 'குவாண்டம் ஹீலிங்' வகுப்பில் சேர்ந்தார். உணர்வலையால் செல்களை மாற்றலாம் என்று சொன்னதை நம்பி இன்சுலினை நிறுத்திவிட்டார். சர்க்கரை 400க்கு மேல் போய் ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்தோம். இப்போதும் தன் தியானம் போதவில்லை, அதனால்தான் இப்படி ஆனது என்று தன்னையே நொந்துகொள்கிறார். என்ன சொல்லிப் புரியவைப்பது?
— ஒரு மகன், சேலம்

பதில்: தம்பி, என்னைத் தூங்கவிடாத அந்த இரண்டு கடிதங்களில் உங்களுடையது ஒன்று. முதலில் மருந்து. மருத்துவர் சொன்ன அளவு இன்சுலின் ஒரு வேளைகூடத் தவறக் கூடாது, குறைப்பதோ கூட்டுவதோ அவர் மட்டும் முடிவு செய்ய வேண்டியது.

அப்பாவிடம் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் சொல்லுங்கள்: அவருடைய தியானத்தில் குறை இல்லை. கணையம் இன்சுலின் சுரக்காவிட்டால், எவ்வளவு ஒருமுகமான மனமும் அதைச் சுரக்க வைத்ததாக நிரூபணம் இல்லை. குணமானால் குவாண்டத்தின் பெருமை, குணமாகாவிட்டால் நோயாளியின் நம்பிக்கைக் குறைவு என்று இரண்டு பக்கமும் தனக்கே சாதகமாக வைத்துக்கொண்ட ஒரு பேச்சுக்கு அவர் தன்னைப் பலி கொடுக்கக் கூடாது. இந்தப் பத்தி எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்கவில்லை. குவாண்டம் என்ற சொல்லை வகுப்பறையில் எத்தனையோ பிள்ளைகளின் கண் விரியச் சொல்லியிருக்கிறேன், அதே சொல்லை வைத்து ஒரு வயதானவரின் ஊசியைப் பிடுங்கியிருக்கிறார்கள்.

அவர் தியானத்தை விட வேண்டாம். ஊசி போட்டுக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு, அப்புறம் நிம்மதியாக உட்காரட்டும்.

கேள்வி: எல்லாவற்றையும் இல்லை இல்லை என்கிறீர்கள். அப்படியானால் தியானத்தால் என்னதான் ஆகிறது? நீங்களே ஏன் செய்கிறீர்கள்?
— ஒரு வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: நல்ல கேள்வி, கோபத்தோடு கேட்டிருந்தாலும்.

மூளையில் ஏதோ ஆகிறது என்பதில் சந்தேகம் இல்லை, அதை முதலில் அளந்து பார்த்தவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். தில்லி எய்ம்ஸில் பி. கே. ஆனந்த், சின்னா, பல்தேவ் சிங் மூவரும் யோகிகளின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்து 1961இல் எழுதினார்கள். இரண்டு யோகிகள் 4 டிகிரி குளிர்ந்த நீரில் கையை முக்கால் மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்தார்கள், அவர்களுடைய மூளையில் ஓய்வு நிலைக்குரிய ஆல்ஃபா அலை கலையவே இல்லை. ஐஸ்பெட்டித் தண்ணீரில் நீங்கள் ஒரு நிமிடம் கையை வைத்துப் பாருங்கள், அது எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்கும். 2004இல் ரிச்சர்ட் டேவிட்சன் குழு, பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல் தியானம் செய்த திபெத்திய பௌத்தர்களின் மூளையில் காமா என்கிற வேகமான மின்னலைகள் மிக வலுவாகச் சேர்ந்து துடிப்பதைப் பார்த்தது. இவையெல்லாம் நரம்பணுக்களின் மின்சாரம், பழைய இயற்பியலே போதும்.

சாதாரண மனிதர்களுக்கு? 47 சோதனைகள், 3,515 பேரைச் சேர்த்து அலசிய ஒரு ஆய்வு 2014இல் வந்தது. பதற்றம், மனச்சோர்வு, வலி மூன்றிலும் மிதமான பலன். மருந்தையோ உடற்பயிற்சியையோ விட மேலானது என்பதற்கு ஆதாரம் இல்லை. 2022இல் பதற்ற நோய் உள்ள 276 பேரை வைத்துச் செய்த சோதனையில், எட்டு வாரத் தியானப் பயிற்சி, வழக்கமாகக் கொடுக்கும் ஒரு மாத்திரைக்குச் சமமாக வேலை செய்தது. அதே 2022இல் வந்த இன்னொரு ஆய்வு, எட்டு வாரத்தில் மூளையின் வடிவமே மாறுகிறது என்கிற பழைய பேச்சுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றது. சிலருக்குத் தியானத்தில் பயமும் கலக்கமும் வருவதும் பதிவாகியிருக்கிறது. வந்தால் நிறுத்திவிட்டு ஒரு மருத்துவரைப் பாருங்கள், வைராக்கியமாகத் தொடர வேண்டாம்.

நான் ஏன் செய்கிறேன்? இன்று காலை நடந்ததைச் சொல்கிறேன். ஐந்து மணிக்கு மொட்டைமாடியில் பாய் போட்டு உட்கார்ந்தேன். மூச்சு மூக்கு நுனியில் குளிர்ச்சியாகப் போய், வெதுவெதுப்பாக வந்தது. பத்து மூச்சுக்குள் மனம் நேற்று அண்ணனோடு போட்ட வாக்குவாதத்துக்குப் போய்விட்டது. அவர் சொன்னது, நான் சொன்னது, நான் சொல்லியிருக்க வேண்டியது. நெஞ்சில் ஒரு இறுக்கம். அப்புறம் ஒரு கணம், 'கோபம் வந்திருக்கிறது' என்று தெரிந்தது. அந்தத் தெரிதல் வந்ததும் கோபம் அதே இடத்தில்தான் இருந்தது, ஆனால் நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். எதிர்வீட்டில் யாரோ வாசல் தெளிக்கும் சத்தம் கேட்டது. மறுபடி மூச்சு. எட்டு மணிக்கு அண்ணனுக்கு நானே போன் செய்தேன். இதற்காகத்தான் செய்கிறேன்.

கேள்வி: ஐயா, நான் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். பிரக்ஞை என்றால் என்ன என்று ஆராய்ச்சி செய்ய ஆசை. இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லையா? என்ன படிக்க வேண்டும்?
— ஒரு மாணவி, தென்காசி

பதில்: இன்னும் இல்லை கண்ணு. 1998இல் மூளை விஞ்ஞானி கிறிஸ்டோஃப் காக், தத்துவவாதி டேவிட் சாமர்ஸ் இருவரும் பந்தயம் கட்டினார்கள், 25 வருடத்துக்குள் பிரக்ஞைக்குரிய நரம்பணு அடையாளம் தெளிவாகக் கிடைத்துவிடும் என்று காக் சொன்னார். 2023இல் மேடையேறித் தோல்வியை ஒப்புக்கொண்டு, பந்தயப் பொருளான ஒயின் பாட்டில்களைக் கொடுத்தார். ஆகவே உனக்கு இடம் நிறைய இருக்கிறது. கணிதத்தையும் இயற்பியலையும் விடாதே, உயிரியலைப் பயந்து ஒதுக்காதே. பிறகு பெங்களூரில் மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸும் இந்திய அறிவியல் கழகமும், சென்னை ஐஐடியில் மனித மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டிப் படமெடுக்கும் மையமும் இருக்கின்றன.

அதற்கு முன் இன்று இரவு ஒன்று செய். கடையில் கிடைக்கும் சிவப்பு லேசர் பாயிண்டர் ஒன்றை மேசையில் அசையாமல் ஒட்டு, அதன் வாயில் உன் தலைமுடி ஒன்றைக் குறுக்கே நேராக ஒட்டு, விளக்கை அணைத்துவிட்டு இரண்டு மீட்டர் தள்ளிச் சுவரைப் பார். யார் கண்ணிலும் லேசர் படக் கூடாது, ஜாக்கிரதை. முடியின் நிழல் இருக்காது, பக்கவாட்டில் ஒளியும் இருட்டுமாக வரிகள் இருக்கும், இருட்டுக்கும் இருட்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர். அந்த இடைவெளியை ஸ்கேலால் அள. லேசரின் அலைநீளத்தை, அநேகமாக 650 நானோமீட்டர், சுவருக்கு உள்ள தூரத்தால் பெருக்கி இந்த இடைவெளியால் வகுத்தால் உன் முடியின் தடிமன் வரும். பக்கத்தில் யார் வீட்டிலாவது பசு இருந்தால் அதன் மயிர் ஒன்றையும் வாங்கி அளந்து எனக்கு எழுது, காரைக்கால் வாசகருக்கும் தெரியப்படுத்துகிறேன்.